வாயில்லா உயிர்க்கு உற்றவேளை மருத்துவம்: கீழைக்கரையை மையமாகக் கொண்ட ஒரு வரலாற்று நோக்கு

கல்முனைக்கு வடக்கேயும் மருதமுனைக்குத் தெற்கேயும், கிழக்கிற் கடலும் மேற்கில் வயல்வெளியும் எல்லையாக அமைந்த ஊர் பாண்டிருப்பு. அவ்வூரின் பெயரைக் கேட்ட மாத்திரத்தே கீழைக்கரை மக்களின் நினைவுக்கு வருவன திரௌபதை அம்மன் ஆலயமும், ஆண்டுதோறும் அங்கு நிகழும் தீமிதிப்புமாகும். பாரதக் கதையை ஏட்டளவில் வைத்துப் போற்றுவதோடு அமையாது, வனவாசம் முதலிய நிகழ்ச்சிகளைச் சடங்காகவே நிகழ்த்திக் காட்டும் மரபு அங்கு நிலைத்துள்ளது. அம்மரபிலே பாண்டவர் ஐவரும் போற்றப்படுகின்றனர். எனினும் தருமன், வீமன், அருச்சுனன் ஆகிய மூவரின் புகழுக்குள்ளே இளையவர் இருவரின் தொழிற்சிறப்பு மறைந்துபோவதுண்டு. விராட மன்னனின் நாட்டில் மறைந்து வாழ்ந்த ஓராண்டில், நகுலன் குதிரைகளைப் பேணி அவற்றின் பிணி தீர்ப்பவனாகவும், சகாதேவன் ஆநிரைகளை எண்ணிக் காத்து அவற்றுக்கு நோய் வாராது தடுப்பவனாகவும் பணிபுரிந்தனர். குதிரை மருத்துவ நூலொன்றை நகுலன் பெயரோடு இணைத்துக் கூறும் வழக்கும் வடமொழி மரபில் உண்டு. அரசகுமாரர் மறைந்து வாழ மேற்கொண்ட தொழில் விலங்கு மருத்துவமாக இருந்தது என்பது சிந்திக்கத்தக்கது. அத்தொழில் எந்த அரண்மனைக்கும் தேவைப்பட்டது. ஆயினும் அதனைச் செய்பவனின் முகத்தை எவரும் உற்றுநோக்கவில்லை.

இவ்விரு தன்மைகளும், அதாவது தேவை மிகுதியும் மதிப்புக் குறைவும், விலங்கு மருத்துவத்தின் வரலாறு முழுவதிலும் தொடர்ந்து வருகின்றன. நோயுற்ற விலங்குக்கு, நோயுற்ற அந்த வேளையிலேயே கிடைக்க வேண்டிய சிகிச்சை எவ்வாறு தோன்றியது, யாருக்காகத் தோன்றியது, கீழைக்கரையை எவ்வளவில் வந்தடைந்தது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விலங்குக்கு மருத்துவம் அளிப்பது அரசின் கடமை என்னும் கருத்து தென்னாசியாவுக்குப் புதியதன்று. கி. மு. மூன்றாம் நூற்றாண்டிலே அசோக மன்னன் பொறித்த இரண்டாம் பாறைச் சாசனம், மனிதர்க்கான மருத்துவம், விலங்குகளுக்கான மருத்துவம் என இருவகை மருத்துவத்துக்கும் ஏற்பாடு செய்யப்பட்டதைக் கூறுகின்றது. மூலிகைகள் இல்லாத இடங்களுக்கு அவை கொணரப்பட்டு நடப்பட்டன என்றும் அது தெரிவிக்கின்றது. அவ்வேற்பாடு சென்றடைந்த நாடுகளாகச் சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் ஆகியோரின் நாடுகளோடு தாம்பபர்ணியும் சுட்டப்படுகின்றது. இத்தாம்பபர்ணி இலங்கையே எனக் கொள்வர் அறிஞர். கி. பி. நான்காம் நூற்றாண்டில் அநுராதபுரத்தில் ஆட்சி செய்த புத்ததாச மன்னன், வயிற்றிற் கட்டி கண்டு வருந்திய பாம்பொன்றுக்கு அறுவைச் சிகிச்சை செய்தான் எனச் சூளவம்சம் கூறும். யானைகளுக்கும் குதிரைகளுக்கும் தனி வைத்தியரை அவன் நியமித்ததாகவும் அந்நூல் தெரிவிக்கின்றது. பாம்பின் கதை புனைவாயினும் ஆகுக. அரசனின் பெருமைக்கு அளவுகோலாக ஊர்வனவொன்றின் நோய் தீர்த்தலைக் காட்ட அந்நூலாசிரியர் துணிந்தமையே வரலாற்றுச் செய்தியாகும்.

தமிழர்க்கும் சிங்களவர்க்கும் பொதுவான இன்னொரு கதையும் ஈண்டு நோக்கற்பாலது. திருவாரூரில் மனுநீதிச் சோழனின் வாயில் மணியைக் கன்றை இழந்த பசு அசைத்தது என்பது தமிழ் மரபு. அநுராதபுரத்தில் எல்லாளனின் மணியை அவ்வாறே ஒரு பசு அசைத்தது என்பது மகாவம்ச மரபு. இரண்டிலும் அரசன் தன் மகனையே தண்டித்து நீதியை நிலைநாட்டுகின்றான். அந்நீதியின் பெருமையை மறுப்பார் எவருமிலர். ஆயின் அந்த மணி ஒலித்தது கன்று இறந்த பின்னராகும். தேர்க்காலில் அகப்பட்டு உயிர் ஊசலாடிய வேளையில் அதனைத் தூக்கியெடுக்க எவரும் வந்தனரா என்பதைக் கதை கூறவில்லை. விலங்குக்கு நீதி வழங்குதல் வேறு, உயிர் வழங்குதல் வேறு. பிற்காலத்துச் சட்டங்களின் போக்கும் பெரும்பாலும் இம்மணியின் போக்கையே ஒத்திருந்தது என்பது மேலே தெளிவாகும்.

கீழைக்கரையிலே விலங்கு என்பது செல்வத்தின் மறுபெயராக விளங்கியது. மட்டக்களப்புத் தேசத்தின் தென்பகுதியாக நெடுங்காலம் இருந்து, 1961ஆம் ஆண்டில் அம்பாறை மாவட்டமாகப் பிரிக்கப்பட்ட இந்நிலப்பகுதியில், நெற்செய்கையும் பட்டி வளர்ப்பும் இரட்டைத் தூண்களாக நின்றன. வயல் வட்டைகளுக்கு உரிமை பூண்ட போடிமாரின் மதிப்பு, ஏக்கர்க் கணக்கால் மட்டுமன்றிப் பட்டியில் நின்ற மாட்டுத் தலைகளின் எண்ணிக்கையாலும் அளக்கப்பட்டது. எருமைகள் சேற்று வயலை மிதித்துப் பதப்படுத்தின. அறுவடையின்பின் களத்திற் சூடு மிதித்தன. அவற்றின் பால் தயிராகி முட்டிகளில் ஏறி ஊரூராகச் சென்றது. கரையோர முஸ்லிம் வணிகர் பொதிமாட்டுத் தவளங்களிலே உப்பும் கருவாடும் ஏற்றிக் கண்டி நாட்டுக்குச் சென்று, மலைநாட்டுப் பண்டங்களோடு மீண்டனர். தமிழ்ப் போடியாரின் பட்டியை முஸ்லிம் பட்டிக்காரன் மேய்த்தலும், முஸ்லிம் போடியாரின் பட்டியைத் தமிழ்ப் பட்டிக்காரன் மேய்த்தலும் வழமையாய் இருந்தன. ஆகவே மாட்டுக்கு வந்த நோய் சமயம் பார்த்து வரவில்லை. இரு சமூகங்களின் உலையையும் ஒருங்கே அணைத்தது.

அந்நோய்களை எதிர்கொள்ள ஊர்தோறும் மாட்டு வைத்தியர் இருந்தனர். மாட்டுவாகடம் என வழங்கிய ஏடுகள் அவர்தம் அறிவுக்கு ஆதாரமாயின. மூலிகைச் சாறு பருக்குதல், எண்ணெய் கொடுத்தல், சூடு போடுதல், மந்திரித்துத் திருநீறு இடுதல் அல்லது ஓதிய நீரைத் தெளித்தல் எனப் பலவகைச் சிகிச்சைகள் நடைபெற்றன. இவற்றை முற்றாக மூடநம்பிக்கை என ஒதுக்குதல் பொருந்தாது. வயிற்றுப் பொருமலுக்கு எண்ணெய் பருக்குதல் தற்கால விஞ்ஞானமும் ஏற்றுக்கொள்ளும் முறையாகும். நுரைத்துப் பொங்கிய வாயுவை எண்ணெய் உடைத்து வெளியேற்றுகின்றது. முறிந்த எலும்புக்கு மூங்கிற் பத்தை வைத்துக் கட்டுவதும் அத்தகையதே. அனைத்துக்கும் மேலாக அவ்வைத்தியனிடம் இருந்த பெருஞ்சிறப்பு அவன் அண்மையாகும். நள்ளிரவில் ஆள் அனுப்பினாலும் கைவிளக்கோடு அவன் வந்து சேர்ந்தான். உற்றவேளை மருத்துவத்தின் முதற் பண்பு அறிவு எனின், இரண்டாவது பண்பு அண்மை. முதலாவதிற் குறையுடையவனாயினும் இரண்டாவதில் அவன் நிறைவுடையவனாக இருந்தான்.

எனினும் அவனால் வெல்ல முடியாத பகைவர் இருந்தனர். அவற்றுள் ஒன்று தொண்டை அடைப்பான். பருவமழை தொடங்குங்காலத்தில், வரட்சியால் மெலிந்த மாடுகளிடையே, சிறப்பாக எருமைகளிடையே தோன்றும் இந்நோய், காய்ச்சலோடு தொண்டை வீங்கி, மூச்சுத் திணறி, பெரும்பாலும் ஒரு நாளைக்குள்ளேயே விலங்கை வீழ்த்திவிடும். காலையில் மேயச் சென்ற எருமை மாலையில் வாடிக்கு மீளாது. நோயின் முதற் குறி தென்பட்ட உடனே தக்க மருந்தை ஊசிவழி ஏற்றினால் சிலவற்றைக் காக்கலாம். சில மணிநேரம் தாழ்த்தினால் மருந்து வீணாகும். நோயற்றவைபோல் தோன்றும் விலங்குகளின் தொண்டைப் பகுதியில் இந்நோய்க் கிருமி ஒளிந்திருந்து, அவை தளர்வுறுங்காலத்து வெளிப்படும் என்பதை ஆராய்ந்து விளக்கியவர்களுள், பேராதனையிற் பணிபுரிந்த இலங்கை விஞ்ஞானி எம். சி. எல். டி அல்விஸ் முதன்மையானவர். இவ்வாய்வுகளால் உலகம் முழுவதும் அறியப்பட்டார் அவர். ஆண்டுதோறும் மழைக்கு முன்னர் தடுப்பூசி ஏற்ற வேண்டும் என்னும் வழக்கம் வலுப்பெற இத்தகைய ஆய்வுகளே துணைநின்றன.

மற்றொரு பெரும் பகை மாட்டுக் கொள்ளைநோய். விலங்கு மருத்துவம் தனிக் கல்வித்துறையாகப் பிறந்தமைக்கே அந்நோய் காரணமாயிற்று எனலாம். பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் மாட்டு மந்தைகளை அது மீண்டும் மீண்டும் அழித்தது. அதன் விளைவாகவே குளோட் பூர்ஷெலா என்பவர் 1761ஆம் ஆண்டில் அரச அனுமதி பெற்றுப் பிரான்சின் லியோன் நகரில் உலகின் முதலாவது விலங்கு மருத்துவக் கல்லூரியை நிறுவினார். இலண்டன் நகரில் 1791இல் அத்தகைய கல்லூரி தோன்றியது. இந்தியாவில் 1889இல் பூனாவில் அரச நுண்ணுயிர் ஆய்வுகூடம் அமைக்கப்பட்டு, பின்னர் முக்தேசர் மலைக்கு மாற்றப்பட்டது. சென்னையில் 1903இல் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. இந்நிறுவனங்கள் அனைத்தின் பின்னணியிலும் மந்தை அழிந்தால் உழவு நின்றுவிடும், உழவு நின்றால் வரி நின்றுவிடும், படையின் வண்டி நின்றுவிடும் என்னும் அச்சமே ஓங்கி நின்றது.

இலங்கையில் ஆங்கிலேயர் ஆட்சியிலும் நிலைமை இதுவேயாகும். கோப்பித் தோட்டங்களின் விளைச்சலை மலையிலிருந்து கொழும்புக்கு இறக்கியவை மாட்டு வண்டிகள். கொள்ளைநோய் பரவியபொழுதெல்லாம் அவ்வண்டிகள் வழியில் நின்றன. எனவே நோய்த்தடுப்பிற் குடியேற்ற அரசு அக்கறை காட்டிற்று. ஆயின் அவ்வக்கறை பிணி தீர்க்கும் அக்கறையாக அமையவில்லை. பிணியை எல்லைக்குள் அடைக்கும் அக்கறையாகவே அமைந்தது. மாடுகளின் நடமாட்டத்தைத் தடைசெய்தல், நோயுற்றவற்றைப் பிரித்தல், இறந்தவற்றைப் புதைத்தல் என்பனவே முதன்மை பெற்றன. அக்காலத்தில் அந்நோய்க்கு மருந்து இல்லாமையால் இம்முறைகளைக் குறைகூறல் தகாது. ஆயினும் அரச அலுவலர் ஒருவர் தன் பட்டியை நோக்கி வருகின்றார் என்றால், மருந்து வருகின்றது என மகிழாது, தடை வருகின்றது என அஞ்சும் மனநிலை குடியானவனிடம் வேரூன்ற அது வழிவகுத்தது.

நாய்கள் பற்றிய சட்டமும் அவ்வாறே பிறந்தது. 1893ஆம் ஆண்டின் விசர்நோய்க் கட்டளைச் சட்டம், நாயை நோயாளியாகக் கருதாது ஆபத்தாகவே கருதியது. பாரிஸ் நகரில் லூயி பாஸ்ரர் விசர்நாய் கடித்த சிறுவனொருவனுக்குத் தடுப்பு மருந்தேற்றிக் காப்பாற்றிய ஆண்டு 1885. இந்தியாவின் குன்னூரில் 1907இல் அவர் பெயரால் நிலையமொன்று தோன்றியது. மனிதனைக் காக்கும் வழி கிட்டிய பின்னரும் நாய்க்குத் தடுப்பூசி ஏற்றுவதே மனிதனைக் காக்கும் சிறந்த வழி என்னும் உண்மை நடைமுறைக்கு வர நெடுங்காலம் சென்றது. விலங்குகளுக்குக் கொடுமை செய்வதைத் தடுக்கும் கட்டளைச் சட்டம் 1907இல் நிறைவேறியது. அது கொடுமை செய்தவனுக்கு நூறு ரூபா வரை தண்டம் விதித்தது. நோயுற்ற விலங்குக்கு மருந்து அளிக்கும் ஏற்பாட்டைச் செய்வது அதன் நோக்கமாக இருக்கவில்லை. திருவாரூர் மணி மீண்டும் ஒலித்தது. அதுவும் பிந்தியே ஒலித்தது. அதற்கு மாற்றாக 2006இல் சட்ட ஆணைக்குழு விலங்கு நலச் சட்டமூலமொன்றை வரைந்தது. அதுவும் நிறைவேறாது பல ஆண்டுகள் காத்துக் கிடந்தது.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இந்நாட்டின் மிருக வைத்தியர் இந்தியாவிலோ பிரித்தானியாவிலோ பயின்று வந்தவராயினர். 1947ஆம் ஆண்டில் இலங்கைப் பல்கலைக்கழகம் கொழும்பில் மிருக வைத்தியக் கல்வியைத் தொடங்கியது. பின்னர் அக்கல்வி பேராதனைக்கு மாற்றப்பட்டு, 1980இல் தனிப்பீடமாக உயர்ந்தது. கன்னொறுவையில் 1967இல் மிருக வைத்திய ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. 1978இல் விவசாயத் திணைக்களத்திலிருந்து பிரிந்து கால்நடை உற்பத்தி, சுகாதாரத் திணைக்களம் தனித்தியங்கலாயிற்று. 1987இல் நிகழ்ந்த அரசியலமைப்புத் திருத்தத்தின் பின்னர் மாகாணங்களுக்கும் இத்துறையிற் பொறுப்பு உண்டாயிற்று. பிரதேசந்தோறும் அரச கால்நடை வைத்திய அலுவலகம் என்னும் அமைப்பு இவ்வாறு உருவாயிற்று. ஊர் வைத்தியனிடம் இல்லாத அறிவு அங்கு வந்து சேர்ந்தது. ஆனால் அவனிடம் இருந்த அண்மை முழுமையாக வந்து சேர்ந்தது எனக் கூறுதல் இயலாது. தடுப்பூசி ஏற்றுதல், செயற்கைமுறைச் சினைப்படுத்தல், இறைச்சிக்கான விலங்குகளைப் பரிசோதித்தல், சான்றிதழ் வழங்குதல், பண்ணையாளர்க்கு அறிவூட்டல் எனப் பல கடமைகள் ஓர் அலுவலரின் தோளில் ஏற்றப்பட்டன. அரச அலுவலகம் எதற்கும் நேர வரையறை உண்டு. நோய்க்கு அது கிடையாது.

உற்றவேளைச் சிகிச்சை என்பதன் பொருளை இவ்விடத்து விளக்குதல் பொருந்தும். சில நோய்கள் நாட்கணக்கிற் பொறுக்கும். சில நாழிகைக் கணக்கிலும் பொறா. கன்றின் தலை மடங்கி ஈன முடியாது தவிக்கும் பசு, இடப்பக்க விலா பறைபோல் உப்பி மூச்சு விட முடியாது வீழும் மாடு, பூச்சிகொல்லி மருந்து தெளித்த வயலில் மேய்ந்து நுரை கக்கும் ஆடு, விரியன் கடித்த வேட்டை நாய் ஆகியன பின்வகையின. கன்றீன்ற பசு கால் மடங்கிப் படுத்து உணர்விழக்கும் பாற்காய்ச்சலும் அவ்வாறானதே. அந்நோயால் பிடிக்கப்பட்ட பசுக்களுட் பெரும்பாலானவை இறந்துபோன காலத்தில், டென்மார்க் நாட்டு மிருக வைத்தியரான யூர்கன் ஷ்மித் 1897இல் மடிக்குள் மருந்து நீரைச் செலுத்தும் முறையைக் கண்டறிந்து இறப்பைப் பெரிதும் குறைத்தார். குருதியிற் சுண்ணச்சத்துத் திடீரெனக் குறைவதே நோய்க்குக் காரணம் எனப் பின்னர் தெளிந்தது. அச்சத்தை நரம்பு வழியாக மெல்ல ஏற்றினால், இறந்ததென விடப்பட்ட பசு அன்றே எழுந்து நின்று கன்றை நக்கும். ஒரு போத்தல் மருந்தும் அதனை ஏற்றத் தெரிந்த ஒரு கையும் அந்த வேளையில் அங்கு இருத்தல் வேண்டும். அவ்வளவே. ஆயின் அவ்வளவு இல்லாமையால் ஒரு குடும்பத்தின் வருவாய் முழுவதும் ஓர் இரவில் மறையக்கூடும்.

வீட்டு விலங்குகளுக்கான சிகிச்சை, அதாவது உழவுக்கும் பாலுக்கும் அன்றி அன்புக்கும் காவலுக்கும் வளர்க்கப்படும் நாய் பூனைகளுக்கான சிகிச்சை, உலகெங்கும் இறுதியாகவே வந்தது. நியூயோர்க் நகரில் விலங்குவதைத் தடுப்புச் சங்கம் 1867இல் காயமுற்ற குதிரைகளை ஏற்றிச்செல்ல வண்டி அமைத்தது. அந்நகரின் பெல்வியூ மருத்துவமனை மனிதர்க்கு அத்தகைய வண்டியை ஓட்டத் தொடங்கியதோ 1869இல். குதிரை முந்திக்கொண்டமைக்கு இரக்கம் ஒரு காரணம். நகரமே குதிரையால் இயங்கியமை மற்றொரு காரணம். 1917இல் மரியா டிக்கின் என்னும் பெண்மணி இலண்டன் நகரின் ஏழை மக்கள் வாழ்ந்த கிழக்குப் பகுதியில், அவர்தம் விலங்குகளுக்கு இலவச மருத்துவம் அளிக்கும் நிலையமொன்றைத் திறந்தார். ஏழையின் நாய்க்கும் வலி உண்டு, அவ்வலியைக் காணும் ஏழைக்கும் வலி உண்டு என்னும் உண்மை அங்கேதான் நிறுவனமாக உருப்பெற்றது. சென்னையில் 1959இல் தோன்றிய புளூ கிராஸ் அமைப்பு, தெரு நாய்களைக் கொல்லாது கருத்தடை செய்யும் முறையை 1964இலேயே தொடங்கி வழிகாட்டியது.

கீழைக்கரை இல்லங்களில் நாய்க்கும் பூனைக்கும் உரிய இடம் வேறுபட்டது. தமிழர் வீட்டு முற்றத்தில் நாய் காவலாளியாகும். வைரவரின் ஊர்தி என்னும் மதிப்பும் அதற்கு உண்டு. முஸ்லிம்களின் வீடுகளிலே பூனை செல்லமாய் உலவும். நாய் வயல் வாடிக்கும் பட்டிக்கும் காவலாய் வெளியே நிற்கும். தாகத்தால் வருந்திய நாய்க்குக் கிணற்று நீரை முகந்து கொடுத்தவர் இறைமன்னிப்புப் பெற்றமையும், பூனையைக் கட்டிவைத்துப் பட்டினியாற் சாகவிட்டவர் தண்டனைக்கு ஆளானமையும் நபிமொழிகளிற் பேசப்படுகின்றன. ஆகவே இரக்கத்துக்கு எச்சமயமும் தடையாக இருக்கவில்லை. தடையாக இருந்தது, நாய்க்கு வைத்தியமா என்னும் ஏளனமும், வைத்தியசாலைக்கு உள்ள தூரமும் ஆகும். 1978ஆம் ஆண்டளவில் உலகெங்கும் பரவிய பார்வோ என்னும் குடல்நோய் நாய்க்குட்டிகளை இரத்தக் கழிச்சலால் இரண்டு மூன்று நாட்களில் வீழ்த்துகின்றது. இழந்த நீரைச் சேலைன் வழியாக உடனுக்குடன் ஈடுசெய்தாற் பல குட்டிகள் பிழைக்கும். ஈடுசெய்யாவிடின் பெரும்பாலானவை இறக்கும். மலைகளுக்கு அப்பால் பேராதனையில் உள்ள போதனா மருத்துவமனையின் அறிவு, பாண்டிருப்பின் முற்றத்திற் சுருண்டு கிடக்கும் குட்டிக்கு அந்த இரண்டு நாட்களுள் எட்டுவது எளிதன்று.

நாய்க்கு மருத்துவம் ஆடம்பரம் என்போர்க்கு விசர்நோயின் வரலாறே தக்க விடையாகும். 1973ஆம் ஆண்டில் இலங்கையில் 377 பேர் விசர்நோயால் இறந்தனர். இந்நோய் தோன்றிய பின் மனிதனைக் காப்பாற்ற வழி இல்லை எனலாம். 1975இல் தேசியக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கி, நாய்களுக்குத் தடுப்பூசி ஏற்றுதல் விரிவடைந்தது. கடியுண்டவர்க்கும் தடுப்பு மருந்து பரவலாகக் கிடைத்தது. 2006இல் கட்டாக்காலி நாய்களைக் கொல்லும் முறை கைவிடப்பட்டது. அதன் பின்னரும் இறப்பு பெருகவில்லை. ஆண்டுக்குச் சில பத்துக்களாகக் குறைந்தது. நாயைக் கொன்றமையால் அன்றி, நாயைப் பேணியமையாலேயே மனிதன் பிழைத்தான் என்பது இதனாற் பெறப்படும். சோர்ந்தோ வெறித்தோ காணப்படும் நாயைத் தக்க வைத்தியரிடம் உடனே காட்டும் வழக்கம் ஓர் ஊரில் இருந்தால், அந்நோய் அவ்வூரின் குழந்தையை நெருங்கு முன்னரே அடையாளங் காணப்படும்.

இயற்கையும் போரும் கீழைக்கரையை அடுத்தடுத்துத் தாக்கிய வேளைகளில் இவ்வுண்மை கடுமையாக உணர்த்தப்பட்டது. 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் வீசிய சூறாவளி தென்னைகளை முறித்துக் கூரைகளைப் பிடுங்கியதோடு பட்டிகளையும் சிதறடித்தது. 1946 முதல் இலங்கையில் இல்லாதொழிந்திருந்த மாட்டுக் கொள்ளைநோய் 1987இல் மீண்டும் புகுந்தது. இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட ஆடுகளோடு அது வந்திருத்தல் வேண்டும் என்பது ஆய்வாளர் கருத்து. போர்ச் சூழலிலே வீதிகள் அடைபட்டும் மேய்ச்சற்றரைகள் கைவிடப்பட்டும் இருந்த காலத்திற் பட்டிகளைத் தேடிச் சென்று தடுப்பூசி ஏற்றுதல் எளிய காரியமன்று. ஆயினும் அப்பணி நடந்தது. 1994க்குப் பின் அந்நோய் இந்நாட்டிற் காணப்படவில்லை. 2011இல் உலகம் முழுவதிலுமிருந்தும் அது ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. மனித முயற்சியால் முற்றாக ஒழிக்கப்பட்ட நோய்கள் இரண்டே. ஒன்று பெரியம்மை, மற்றையது இது. அப்பெருவெற்றியின் இறுதி ஏடுகளுள் ஒன்று இலங்கையின் மேய்ச்சல் நிலங்களிலே எழுதப்பட்டது என்பதைக் கீழைக்கரை மாணவர் அறிந்திருத்தல் நன்று.

2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் எழுந்த கடற்கோளிலே அம்பாறை மாவட்டம் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களை இழந்தது. இலங்கையில் மிகக்கூடிய இழப்பு அம்மாவட்டத்துக்கே நேர்ந்தது. மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது எனத் தொடர்ந்த கரையில் மனிதரைப் புதைக்கவே கைகள் போதாத நாட்களில் விலங்குகளை எண்ணினார் இலர். எண்ணாமையைக் குற்றமெனக் கூறுவாரும் இலர். எனினும் உடையவரை இழந்து திரிந்த நாய்கள் இடம்பெயர்ந்தோர் முகாம்களை நாடிவந்தபொழுது, விசர்நோய் பற்றிய அச்சம் எழுந்தது. அனர்த்தத்தின்பின் கரையோரங்களில் நாய்களுக்குத் தடுப்பூசி ஏற்றும் பணிகள் மேற்கொள்ளப்பட்டன. மனிதரைக் காக்கும் ஏற்பாட்டின் ஒரு பகுதியே விலங்கைக் காத்தல் என்பது அங்கு மீண்டும் மெய்ப்பட்டது.

2022ஆம் ஆண்டு டிசெம்பரில் வங்கக் கடலில் எழுந்த புயலை அடுத்து வடக்கு, கிழக்கு மாகாணங்களில் வழக்கத்துக்கு மாறான குளிர் காற்று வீசியது. 1,600க்கும் மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் மடிந்தன. புதிய கொள்ளைநோய் புகுந்துவிட்டதோ என மக்கள் அஞ்சினர். இறந்த உடல்களைப் பரிசோதித்த மிருக வைத்தியர் குளிரதிர்ச்சியே காரணம் எனத் தெளிவுபடுத்தினர். வெப்பநாட்டு விலங்கு, மழையில் நனைந்து, தீனி குறைந்து, ஒதுங்க இடமின்றி நின்றால் குளிரைத் தாங்காது. ஒரு கூரையும், உலர்ந்த வைக்கோலும், முன்னறிவிப்பும் இருந்திருந்தாற் பலவற்றைக் காத்திருக்கலாம். நாடு பொருளாதார நெருக்கடியில் மூழ்கி, எரிபொருளும் மருந்தும் அரிதாயிருந்த ஆண்டு அது என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

மனிதர்க்கே மருந்து போதாத நாட்டில் விலங்குக்கு உற்றவேளை மருத்துவம் கேட்பது முறையாகுமா என வினவுவர் சிலர். வினா நேர்மையானது. அதற்குரிய விடையை வரலாறே தருகின்றது. விலங்கின் நோயை விலங்கோடு விட்டுவிட்ட ஆட்சி எதுவும் அதனை விலங்கோடு நிறுத்த முடிந்ததில்லை. மாடு மடிந்த இடத்தில் கடன் பிறந்தது. நாயைப் புறக்கணித்த இடத்தில் குழந்தை இறந்தது. மேலும், ஒற்றைப் பசுவின் பாலை விற்றுப் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் கைம்பெண்ணுக்கு, அப்பசுவின் நோய் விலங்கின் நோயன்று, குடும்பத்தின் நோய். செல்வரின் பட்டியில் ஒன்று இறந்தால் எண்ணிக்கை குறையும். ஏழையின் கொட்டிலில் ஒன்று இறந்தால் எண்ணவே எதுவும் இராது. ஆகவே இம்மருத்துவம் தாமதமாகும்பொழுது முதலிற் பாதிக்கப்படுவோர் எளியவரே.

செய்யத்தக்கவை எட்டாக் கனிகள் அல்ல. இலங்கையில் 1990 என்னும் எண்ணை அழைத்தால் நோயுற்ற மனிதரை நாடி வண்டி வரும் சேவை 2016இல் தொடங்கி நாடெங்கும் பரவியது. கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டில் 1962 என்னும் எண்ணை அழைத்தால் கால்நடைகளுக்கு மருத்துவ ஊர்தி வருகின்றது. கீழைக்கரையின் அயற்பிரதேசங்கள் பல இணைந்து, மிருக வைத்தியர் முறைவைத்து இரவிலும் கடமையாற்றும் ஒரு நிலையத்தையும் ஓர் ஊர்தியையும் கொண்டிருத்தல் பெருஞ்செலவன்று. ஊர் இளைஞர் சிலருக்கு முதலுதவி கற்பித்து, பொருமலையும் பாற்காய்ச்சலையும் நச்சுணவையும் இனங்கண்டு வைத்தியரை அழைக்கப் பழக்கினால், பழைய மாட்டு வைத்தியனின் அண்மையும் புதிய மிருக வைத்தியரின் அறிவும் ஓரிடத்திற் கூடும். தமிழ் ஊர் எது, முஸ்லிம் ஊர் எது என்று பாராது பட்டிகள் ஒரே மேய்ச்சற்றரையில் மேய்ந்த மண்ணில், அவ்வூர்தியும் எல்லை பாராது ஓடுதல் இயல்பேயாகும்.

பாண்டிருப்பின் வீதியில் ஐவரும் வனம் புகும் காட்சியைக் காணும் மக்கள், நகுலனும் சகாதேவனும் செய்த தொழிலையும் அவ்வேளை நினைவுகூர்வாராக. எல்லாளன் வாயிலிலும் சோழன் வாயிலிலும் தொங்கிய மணி, இழந்த உயிருக்கு நீதி கேட்க அமைந்தது. இழக்கவிருக்கும் உயிரைக் காக்க ஒலிக்கும் மணியொன்றைக் கட்டுவதே இத்தலைமுறையின் கடனாகும். அதனை அசைக்கப் பசுவுக்கு இன்று வலுவிராது. அதன் பொருட்டு அசைக்கும் கை மனிதனுடையதாகவே இருத்தல் வேண்டும்.